சித்தப்பாவின் வயலும் நகரும் தரையும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

என் சித்தப்பா அந்தமானில் போர்ட் பிளேருக்கு (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) அருகே இருக்கிறார். 2004 டிசம்பர் நிலநடுக்கத்தில் தரை தாழ்ந்து அவருடைய நெல்வயலுக்குள் கடல் வந்துவிட்டது. இந்த ஓணம் விடுமுறையில் போயிருந்தபோது, “தாழ்ந்த தரை அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, தெரியுமா?” என்றார். வயல் மேலுள்ள ஆசையால் சொல்கிறார் என்று நினைத்தேன். சில நிமிடங்களில் முடிந்த நிலநடுக்கம் ஆண்டுக்கணக்கில் தரையை அசைக்குமா? அப்படியென்றால் 2000-இல் ஈராட்டுப்பேட்டைப் பக்கம் நடுங்கியதே, நம் மலையும் நகர்ந்துகொண்டிருக்கிறதா? அம்மா பயப்படுகிறார்.

செ., வண்டிப்பெரியாறு

அன்புள்ள செ.,

சித்தப்பாவை நம்புங்கள். அவர் கண்ணால் கண்டதைத்தான் ஜி.பி.எஸ். கருவிகளும் பதிவு செய்தன. போர்ட் பிளேர் அன்று ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அது மெல்ல உயர்ந்தது. தென்மேற்காக நகர்வதையும் நிறுத்தவில்லை.

முதலில் ஏன் தாழ்ந்தது? பூமியின் மேலோடு பெரிய பாறைத் தட்டுகளால் ஆனது. அவற்றில் ஒன்றான இந்தியத் தட்டு அந்தமான் இருக்கும் தட்டுக்கு அடியில் நுழைகிறது. இரண்டு தட்டுகளும் ஒட்டிக்கொண்டிருந்த காலமெல்லாம் மேல்தட்டின் விளிம்பும் கூடவே உள்ளே இழுக்கப்பட்டது. டிசம்பர் 26 அன்று ஏறத்தாழ 1300 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தப் பிடி விட்டது. விளிம்பு கடலை நோக்கித் துள்ளி மேலே எழுந்தது. அதற்குப் பின்னால் இருந்த பகுதி இழுபட்டுத் தாழ்ந்தது. அதனால்தான் அந்தமானின் மேற்குக் கரையில் பவளப்பாறைகள் நீருக்கு வெளியே வந்து செத்தன. கிழக்கே போர்ட் பிளேர் வயல்களில் கடல் புகுந்தது. நிக்கோபாரின் தெற்குக் கோடியில் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போனது.

ஆனால் இரண்டு தட்டுகளும் உரசும் பிளவு முழுவதும் அந்தச் சில நிமிடங்களில் வழுக்கிவிடவில்லை. ஆழத்தில், பாறை சூடாக இருக்கும் இடத்தில், அது ஓசையே இல்லாமல் மெதுவாக வழுக்கும். யாருக்கும் அதிர்வு தெரியாது. போர்ட் பிளேர் ஏறியதற்கு இதுவே பெரிய காரணம். இதன் வேகம் குறையும் விதம் எனக்கு எப்போதும் வியப்பு. முதல் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை எவ்வளவு நகர்ந்ததோ, ஏறக்குறைய அதே அளவு மீண்டும் நகர நூறாம் நாள் ஆகிவிடும். இன்னொரு முறை அவ்வளவு நகர ஆயிரமாவது நாள். பின்னதிர்வுகளின் எண்ணிக்கையும் நாள் ஆக ஆக இப்படித்தான் தேய்கிறது என்று ஜப்பானின் ஓமோரி 1894-லேயே கண்டு சொன்னார்.

அதற்கும் கீழே மூடகம், அதாவது மேலோட்டுக்கு அடியில் உள்ள தடித்த பாறை அடுக்கு. சாலை போடும் இடத்தில் தார்க்கட்டியைப் பார்த்திருப்பீர்கள். சுத்தியலால் அடித்தால் சில்லுச் சில்லாக உடையும். வெயிலில் சும்மா விட்டால் தானே பரவும். மூடகப் பாறையும் அப்படித்தான்: சட்டென வரும் அதிர்வுக்குத் திடப்பொருள், ஆண்டுக்கணக்கில் பார்த்தால் மெல்லப் பரவும் தார். மேலே திடீரென்று ஏறிய பாரத்தை அது மெல்ல மெல்லத்தான் இறக்கி வைக்கும். சிலியில் 1960-இல் 9.5 அளவில் நிலநடுக்கம் வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அளந்தபோதும் உள்நாட்டுப் பகுதிகள் கடலை நோக்கியே நகர்ந்துகொண்டிருந்தன. (பாறை இடுக்குகளில் உள்ள நீர் இடம் மாறுவதாலும் தரை சிறிது அசையும், ஆனால் அது சீக்கிரம் அடங்கிவிடும்.)

எல்லா ஊரும் ஏறுவதில்லை. தாய்லாந்தின் புக்கெட் அன்று 27 சென்டிமீட்டர் நகர்ந்து, பிறகும் ஆண்டுக்கணக்கில் நகர்ந்தது. அங்கே தரை தாழ்ந்தது. ஜப்பானின் ஓஷிகா தீபகற்பம் 2011-இல் 1.2 மீட்டர் தாழ்ந்து, பின் ஏறத் தொடங்கியது. தாழ்ந்த தரைக்கு ஏற்ப உயர்த்திக் கட்டிய மீன்பிடித் துறைகள் படகுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. இதைப் படித்த நாளிலிருந்து, நிலநடுக்கம் முடிந்துவிட்டது என்று எழுத எனக்குக் கை வருவதில்லை.

இனி அம்மாவின் பயம். 2000 டிசம்பர் 12 அன்று குமுளியில் என் அடுக்களைப் பாத்திரங்களும் கலகலத்தன, மறக்கவில்லை. ஆனால் அது 5 அளவு. அந்தமானில் வெளிப்பட்ட ஆற்றலில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு சிறிய நடுக்கத்தில் வழுக்குவது சில கிலோமீட்டர் பிளவுதான், அதுவும் சென்டிமீட்டர் கணக்கில். அதன் தொடர்ச்சியாக நம் மலை இன்னும் நகர்கிறது என்று அம்மா அஞ்ச வேண்டியதில்லை. நம் மக்களைக் கொன்ற தரை வேறு. 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் எழுபது பேரை மூடியது மழையில் ஊறிய மண். லயத்துக்குப் பின்னால் மேட்டில் புதிதாக வெடிப்பு கண்டால், ஊற்று கலங்கினால், அன்றிரவு அங்கே படுக்காதீர்கள். அம்மாவிடம் இதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்.

சித்தப்பாவிடம் ஒரு வேலை சொல்லுங்கள். வயலில் சேறு படிந்தும் மேடு ஏறும். ஆகவே வயலை வைத்துக் கணக்கிட வேண்டாம். படகுத்துறையில் அசையாத ஒரு கல்லில், ஒவ்வொரு சித்ரா பௌர்ணமியன்றும் ஏற்றநீர் தொடும் இடத்தைப் படம் எடுத்து, தேதியும் நேரமும் எழுதி வைக்கட்டும். அலையும் காற்றும் கணக்கைக் குழப்பும்தான். பத்துப் படம் சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள்.