ஸ்குவாட் 100 கிலோவில் நிற்கிறதா? முதலில் ஓய்வைக் கவனியுங்கள்

தம்பி, ஆறு வாரமாக ஸ்குவாட் (தோளில் எடையை வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சி) 100 கிலோவைத் தாண்டவில்லை, வாரம் ஐந்து நாளும் உச்ச எடையை முயல்கிறேன், கால் அசதி போகவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே மன்னார்குடிப் பக்கம் சம்பா நடவு, பகலெல்லாம் நாற்று முடி சுமக்கிறீர்கள். போகிறபோக்கில் சொன்னாலும், விஷயமே அதில்தான் இருக்கிறது. சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடப்பதும் தொடைக்கும் இடுப்புக்கும் கடும் உழைப்புதான். உடம்பு அதையும் கணக்கில் வைக்கும்.

பயிற்சி தசையைக் களைப்பாக்கும், பலம் ஏறுவது ஓய்வில்தான். நடவு முடியும் வரை வாரம் இரண்டு நாள் போதும். முதல் வாரம் 60 கிலோவோடு சரி. அப்புறம் 80 கிலோவில் ஐந்து முறை வீதம் மூன்று செட் (சுற்று); இன்னும் இரண்டு முறை தூக்கலாம் என்கிறபோதே நிறுத்திவிடுங்கள். அது சுலபமாகத் தெரிந்தால் மட்டும் 2.5 கிலோ ஏற்றுங்கள்.

ஏழெட்டு மணி நேரம் தூங்குங்கள். காலையில் பழைய சோறு நல்லதுதான், ஆனால் புரதம் போதாது. இரண்டு முட்டையோ சுண்டலோ சேருங்கள். மூட்டிலோ முதுகிலோ குத்தும் வலி இருந்தால் எடையைத் தொடாமல் மருத்துவரைப் பாருங்கள், தயவுசெய்து.