கைடு இல்லாமல் காஷ்மீர் ஏரிகளுக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கும் கணவருக்கும் 50 வயது தாண்டிவிட்டது. கொடைக்கானல், வால்பாறை பக்கம் நிறைய நடந்திருக்கிறோம். ஆகஸ்டில் காஷ்மீர் மலை ஏரிகளைப் பார்க்க நடந்து போக ஆசை. போனிலேயே மேப் இருக்கும்போது கைடு எதற்கு என்கிறார் இவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், மேடம்?
– வாசகி, திருப்பூர்

பதில்: கைடு கட்டாயம் வேண்டும் சகோதரி. சோன்மார்க்கில் தொடங்கி நாராநாக்கில் முடிகிற, அந்த ஏரிகளுக்கான சுமார் 70 கி.மீ. பாதை, ஆட்களும் ஆடுகளும் நடந்து நடந்து தெளிவாகத்தான் கிடக்கிறது. வெயில் நாளில் யாரும் வழி சொல்லவே வேண்டாம். மேகம் இறங்கினால்தான் ஆபத்து. வழியில் ஏற வேண்டிய காட்சர் கணவாய் சுமார் 4,200 மீட்டர், கொடைக்கானலைப் போல இரண்டு மடங்கு உயரம்.

நாங்கள் போனபோது, அந்தக் கணவாய் ஏறும் நாளில், இருட்டு விலகும் முன்பே எங்களைக் கிளப்பிவிட்டார் எங்கள் கைடு. டீயைக்கூட நின்றுகொண்டேதான் குடித்தோம். மேலே ஏறித் திரும்பினால், விஷன்சர், கிருஷன்சர் ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே தெரிகின்றன. அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. மறுபக்கம் புல்வெளிக்கு இறங்கிய கொஞ்ச நேரத்தில் மழை கொட்டியது. மண்ணும் கல்லுமான அந்தச் சரிவில் மாட்டியிருந்தால் என் கால்கள் தாங்கியிருக்காது. எந்த மேப்பும் இதைச் சொல்லாது.

இன்னொன்று, பேச்சுத்துணை. கோடையில் மந்தையோடு மேலே வரும் பக்கர்வால் மேய்ப்பர் குடும்பங்களோடு, கைடு அவர்கள் மொழியிலேயே பேசியதால்தான் எங்களுக்கு உப்பு டீயும் சோள ரொட்டியும் கிடைத்தன. கங்காபல் ஏரியில் காஷ்மீரி பண்டிட்டுகள் அஸ்தி கரைப்பதையும், எதிரே நிற்கும் 5,142 மீட்டர் ஹர்முக் சிகரத்தைச் சிவனின் இருப்பிடமாக வணங்குவதையும் அவர்தான் சொன்னார். தன் மதம் வேறாக இருந்தும் அவ்வளவு மரியாதையோடு சொன்னார்.

ஆளைப் பேசும்போது ஒன்று கேளுங்கள்: "உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலைவலி, வாந்தி வந்தால் என்ன செய்வீர்கள்?" உடனே கீழே இறக்குவேன் என்பவரைப் பிடியுங்கள். மாத்திரை போட்டு ஏற்றிவிடுவேன் என்பவர் வேண்டாம். நடக்க முடியாதவரை இறக்கக் குதிரை உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.

நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் ஸ்ரீநகர், சோன்மார்க் வரைதான். மேலே சிக்னலை நம்பாதீர்கள். வழியில் ராணுவச் சோதனை உண்டு. ஒரிஜினல் ஆதார் கையில் இருக்கட்டும்.

முட்டி வலி இருந்தால் இந்த நடையே வேண்டாம். நாராநாக் வரை காரில் போய், பழைய கோயில்களையும் ஆற்றையும் பார்த்து வாருங்கள். அதுவே அத்தனை அழகு. அப்புறம், பாதுகாப்புக் காரணங்களால் பாதையைச் சில சமயம் மூடுவார்கள். விமான டிக்கெட் போடும் முன்பே விசாரித்துவிடுங்கள்.