பதில்: விக்கா பேப்பர கைடு திருப்பி அனுப்பிட்டார், என்ன பண்றது?

விக்கா (சூனியக்காரி வழிபாடுன்னு சொல்லிக்கிற, இங்கிலாந்துல உருவான நவீன மதம்) பழங்கால மதம் இல்ல, அப்படி சொல்றது பொய்னு நிரூபிச்சு எழுதினேன், கைடு "இதுல மானிடவியல் எங்க?"ன்னு கேட்டுட்டார்னு சொல்றீங்க. கோச்சுக்காதீங்க, கைடு கேட்டது கரெக்ட்தான். ஐரோப்பாவுல சூனியக்காரின்னு தண்டிக்கப்பட்டவங்க உண்மைல ஒரு பழைய மதத்த பின்பற்றினவங்கன்னு மார்கரெட் முர்ரே 1921ல சொன்ன தியரிய வரலாற்றுக்காரங்க எப்பவோ ஓரங்கட்டிட்டாங்க, விக்காவ தொடங்கி வச்ச ஜெரால்ட் கார்ட்னர் 1954ல புக் போட்டப்புறம்தான் விக்கா வெளிய பரவ ஆரம்பிச்சதுங்கறதும் தெரிஞ்ச கதை, அதையே திரும்ப பத்து பக்கம் எழுதினா யாருக்கு என்ன புதுசு சொல்லுங்க.

மானிடவியலாளர் சபீனா மாக்லியோக்கோ 2004ல எழுதின 'விட்ச்சிங் கல்ச்சர்' எடுத்து படிங்க. அமெரிக்க பேகன்கள் (கிறிஸ்தவத்துக்கு முந்தின வழிபாட்ட திரும்ப கொண்டுவர நினைக்கிறவங்க, விக்காவும் இதுல அடக்கம்) கூடவே இருந்து, சடங்குல கலந்துக்கிட்டு எழுதினது. மாக்லியோக்கோ உண்மையா பொய்யான்னு நிக்கல, நாட்டார் வழக்காற்றுலேர்ந்து இந்த பேகன்கள் எப்படி ஒரு மரபையே கட்டிக்கிறாங்கன்னு பாக்கறாங்க. இதுல தமாஷ் என்னன்னா அந்த மக்களுக்கு மூலப்பொருளே 'தி கோல்டன் பௌ' எழுதின ஜேம்ஸ் ஃப்ரேசர் மாதிரி பழைய மானிடவியல் ஆய்வாளர்களோட புக்ஸ்தான், அதாவது நம்ம துறை எழுதினத படிச்சுதான் அவங்க சாமி கும்பிடுறாங்க 😄 உங்க பேப்பர் இங்கேர்ந்துதான் ஆரம்பிக்கணும்னு எனக்கு தோணுது.

டைம் இருந்தா மானிடவியலாளர் டான்யா லூர்மனோட 1989 புக்கும் பாருங்க, லண்டன்ல இருக்கற படிச்ச, நல்ல வேலைல இருக்கறவங்க எப்படி கொஞ்சம் கொஞ்சமா மந்திரத்த நம்ப பழகுறாங்கன்னு இருக்கும். அவங்க செய்யற மந்திரப் பயிற்சிய லூர்மன் தானும் செஞ்சப்போ ஒருநாள் காலைல ஜன்னல்கிட்ட ஆறு ட்ரூயிட் (பழங்கால கெல்ட் பூசாரிங்க) நின்னத பார்த்ததா அவங்களே எழுதியிருக்காங்க!

முர்ரே மேட்டர ஒரே பாராவுல முடிச்சிடுங்க.