வாசகர் கேள்வி–பதில்: லாஞ்ச் செய்யும்போது டிஃபரன்ஷியல் உடைவது ஏன்?

பின்சக்கர இயக்கக் கார்கள் நின்ற நிலையிலிருந்து பாய்ந்து புறப்படும் ‘லாஞ்ச்’ பற்றியும், அப்போது எஞ்சினின் சுழற்சியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்தனுப்பும் டிஃபரன்ஷியல் படும் பாட்டைப் பற்றியும் வந்த கடிதங்களில் சில இம்முறை இடம்பெறுகின்றன. முதல் கடிதத்துக்கான பதில் சற்று நீளமானது. மற்றவற்றுக்கும் அதுவே அடிப்படை என்பதால் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: என் காரின் எஞ்சினை 450 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வரை டியூன் செய்து, சாதாரண டயர்களுடன் நெடுநாள் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓட்டினேன். நேர்கோட்டில் குறுகிய தூரம் பாயும் டிராக் ரேஸுக்கான, தரையில் ஒட்டிப் பிடிக்கும் டயர்களை மாட்டிய சில நாட்களிலேயே, டிஃபரன்ஷியலில் கிரவுன் என்ற பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றும் சிறு பற்சக்கரமான பினியனின் பற்கள் உடைந்துவிட்டன. எஞ்சின் அதே எஞ்சின்தானே? பெரிய டிஃபரன்ஷியலுக்கு மாறுவதுதான் ஒரே வழியா?

பதில்: எஞ்சின் அதேதான். ஆனால், டிஃபரன்ஷியல் எவ்வளவு முறுக்குவிசையைச் சுமக்க வேண்டும் என்பதை எஞ்சின் மட்டும் தீர்மானிப்பதில்லை. முதல் கியரின் விகிதம் 3.6, கிரவுன்–பினியன் விகிதம் 3.7 என்று வைத்துக்கொண்டால், உங்கள் 450 நியூட்டன் மீட்டர் பின் ஆக்ஸிலை அடையும்போது ஏறத்தாழ 6,000 ஆகப் பெருகியிருக்கும். அவ்வளவும் டிஃபரன்ஷியலின் மேல் ஏற வேண்டுமானால், டயர்கள் அதே அளவுக்குத் தரையைப் பற்றியிருக்க வேண்டும். பற்றாதபோது டயர் வழுக்கிவிடும், சுமையும் அந்த அளவிலேயே நின்றுவிடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். காரின் எடை 1,500 கிலோ; அதில் பாதி பின்சக்கரங்களின் மேல் இருக்கிறது; ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் உள்ளது; முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே 2.6 மீட்டர், டயரின் ஆரம் 32 செ.மீ. டயர் தரையைப் பற்றும் அளவைக் குறிக்கும் உராய்வுக் கெழு 1 என்றால், புறப்படும்போது எடை பின்னால் சாய்வதையும் சேர்த்துப் பார்த்தாலும், இரு பின் டயர்களும் சேர்ந்து தரைக்குக் கடத்தக்கூடியது சுமார் 2,900 நியூட்டன் மீட்டர்தான். கெழு 1.6 ஆனால் அது 5,400ஐ எட்டுகிறது. பிடிப்பு 60 சதவீதம் கூடியதற்குச் சுமை 85 சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது. ஏனெனில் பிடிப்பு கூடக்கூட எடை மேலும் பின்னால் சாய்ந்து, அதே டயர்களை இன்னும் அழுத்துகிறது. உங்கள் பழைய டயர்கள் வழுக்கி வழுக்கியே டிஃபரன்ஷியலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. அந்தக் காவல் இப்போது இல்லை.

இது சீராக ஏறும் சுமையின் கணக்குதான். எஞ்சினை 5,000 ஆர்.பி.எம்.மில் நிறுத்திவைத்துக் கிளட்ச்சைச் சட்டென்று விட்டால், எஞ்சினோடு சுழன்றுகொண்டிருக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் சேர்ந்துள்ள ஆற்றலும் சேர்ந்து பாய்கிறது. அந்தக் கணத்தில் பின்னால் போகும் விசைக்கு எல்லை வகுப்பது எஞ்சினின் முறுக்குவிசை அன்று. கிளட்ச் நழுவாமல் எவ்வளவு தாங்கும் என்பதே. டியூன் செய்தவர்கள் வழக்கமாகக் கிளட்ச்சையும் வலுவானதாக மாற்றியிருப்பார்கள். அது 700 நியூட்டன் மீட்டர் தாங்கக்கூடியது என்றால், ஆக்ஸிலை நோக்கிக் கிளம்பும் அடி 9,300 வரை போகலாம். கனமான சக்கரமும் டயரும் அசைந்து வழுக்கத் தொடங்குவதற்கு முன்பே அந்த அடி பினியன் பற்களின் மேல் விழுந்துவிடுகிறது. மெல்ல இழுத்தால் பாரம் தாங்கும் நூல், சுண்டி இழுத்தால் அறுவதில்லையா, அதுபோலத்தான். இதற்கு மேல், கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே வழக்கமாக விடப்படும் 0.15 முதல் 0.25 மி.மீ. வரையிலான இடைவெளி, ஷாஃப்ட்டுகளைப் பொருத்தும் வரிப்பற்களான ஸ்ப்ளைன்களின் தளர்வு, ஜாயின்ட்டுகளின் தளர்வு எல்லாம் ஒன்றுசேர்ந்து, பாகங்கள் ஓடிவந்து மோதுவதற்கு இடம் கொடுக்கின்றன.

உடைந்த பினியனைத் தூக்கி எறிந்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். உடைந்த முகத்தைத் துடைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முகம் முழுவதும் சாம்பல் நிறத்தில், பொடிக் கற்கண்டைப் போலச் சொரசொரப்பாக இருந்தால், பல் ஒரே அடியில் போயிருக்கிறது. ஒரு மூலையிலிருந்து வளைகோடுகள் அடுக்கடுக்காக விரிந்து, எஞ்சிய சிறு பகுதி மட்டும் சொரசொரப்பாக இருந்தால், விரிசல் வெகு நாட்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. புதிய டயர் அதை முடித்துவைத்ததோடு சரி. முதல் வகையானால் உங்கள் இடது காலைத் திருத்த வேண்டும். இரண்டாம் வகையானால், பற்களின் பொருத்தமும் பேரிங்குகளின் இறுக்கமும் தொடக்கத்திலேயே சரியாக அமைக்கப்பட்டிருந்தனவா என்று பார்க்க வேண்டும். இவ்விரண்டையும் பார்க்காமல் பெரிய டிஃபரன்ஷியலை வாங்கினால், அடுத்த பலவீனமான பாகம் எதுவோ, பெரும்பாலும் டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் அரை ஆக்ஸில், அது உடையும்.

கேள்வி: அப்படியானால், மேனுவல் கியர் காரை எப்படித்தான் லாஞ்ச் செய்வது?

பதில்: பற்களுக்கும் ஜாயின்ட்டுகளுக்கும் இடையிலுள்ள தளர்வை முதலில் எடுத்துவிடுங்கள். முதல் கியரைப் போட்டு, கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடத்தைத் தொடும்வரை பெடலை மெதுவாக உயர்த்தினால், காரின் பின்பகுதி இலேசாக அமர்வது உடம்புக்கே தெரியும். பெடலை அங்கேயே நிறுத்தி, பிரேக்கால் காரைப் பிடித்துக்கொண்டு, ஆர்.பி.எம்.மை உயர்த்துங்கள். புறப்படும்போது கிளட்ச்சை அந்த இடத்திலிருந்து முழுவதுமாக விட்டுவிடாமல், கார் வேகமெடுக்க வேகமெடுக்க மேலே கொண்டுவர வேண்டும். மேற்சொன்ன விகிதங்களில், எஞ்சின் 4,000 ஆர்.பி.எம்.மில் இருந்தால், சக்கரமும் எஞ்சினும் வழுக்கலின்றி ஒன்றுசேரும் வேகம் மணிக்குச் சுமார் 36 கி.மீ.; அதுவரை கிளட்ச்தான் நழுவிக்கொடுக்க வேண்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. எஞ்சினின் வேகம் மாறாமல் வைத்துக்கொண்டு இப்படிப் புறப்பட்டால், காருக்குக் கிடைத்த இயக்க ஆற்றலுக்குச் சமமான அளவு, 1,500 கிலோ காருக்கு 75 கிலோஜூல் அளவில், கிளட்ச்சில் வெப்பமாகிறது. ஆகவே அடுத்தடுத்து லாஞ்ச் செய்வது கூடாது. கருகிய வாசனை வந்துவிட்டால் அன்றைய தினத்துக்கு அத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது. ஆனால் கிளட்ச் பிளேட் தேய்வதற்கென்றே உள்ள பாகம். பினியன் அப்படி அன்று. இவ்விரண்டில் ஒன்றைத் தேய்த்துத்தான் ஆக வேண்டும் என்றால், எதைத் தேர்வு செய்வது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

டயர் சுழன்றுவிட்டால் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் விட்டுவிடாமல் சற்றே தளர்த்துங்கள். வேகமாகச் சுழலும் டயர் திடீரென்று தரையைப் பற்றும்போது விழும் அடி, கிளட்ச்சைத் தடாலென்று விட்டதற்குச் சற்றும் குறைந்ததன்று.

கேள்வி: புறப்படும்போது பின்பகுதி தடதடவென்று குதிக்கிறது. இதனால் கெடுதல் உண்டா?

பதில்: உண்டு, டிஃபரன்ஷியலை உடைக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. டயர் தரையைப் பற்றுகிறது, ஆக்ஸில்களும், பாகங்களைத் தாங்கும் ரப்பர் புஷ்களும் முறுக்கேறுகின்றன, பிடிப்பு விடுகிறது, முறுக்கு அவிழ்கிறது, மறுபடி பற்றுகிறது; ஒரே வினாடிக்குள் இது பலமுறை நடக்கிறது, ஒவ்வொரு முறையும் பற்களின் மேல் ஓர் அடி. குதிப்பு தொடங்கியதும் காலை எடுத்துவிடுவது ஒன்றே உடனடி மருந்து. அந்த ஓட்டத்தை வெல்லலாம் என்று அழுத்திக்கொண்டே இருப்பவர்கள்தான் ஒர்க்ஷாப்புக்கு வருகிறார்கள்.

நிரந்தரத் தீர்வு காரின் அமைப்பைப் பொறுத்தது. பட்டை ஸ்பிரிங் கொண்ட ஒற்றை ஆக்ஸில் காரில், ஆக்ஸில் உறையே சக்கரத்துக்கு எதிர்த்திசையில் திரும்ப முயன்று ஸ்பிரிங்கை வளைக்கிறது. அதைத் தடுக்கும் கம்பிகளைப் பொருத்த வேண்டும். தனித்தனி பின் சஸ்பென்ஷன் கொண்ட காரில், டிஃபரன்ஷியலும் அதைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேமும் ரப்பர் புஷ்களில் தொங்குவதால், நைந்த புஷ்ஷை மாற்றுவதிலிருந்து தொடங்க வேண்டும். இன்னொரு வழியும் உண்டு: 2009ஆம் ஆண்டு மாடலான காடிலாக் சி.டி.எஸ்-வி காரில், இடது வலது அரை ஆக்ஸில்களை வெவ்வேறு தடிமனில் வைத்தார்கள். இரண்டும் வெவ்வேறு தாளத்தில் முறுக்கி அவிழ்வதால், இரு சக்கரங்களும் ஒருசேரக் குதிப்பது அடங்குகிறது. எளிமையான யோசனை, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட.

கேள்வி: டிஃபரன்ஷியலைக் கிரவுன் அளவைச் சொல்லியே விற்கிறார்கள். பெரிய கிரவுன் என்றாலே வலுவானதா?

பதில்: பெரும்பாலும் ஆம். நிஸ்ஸானின் ஆர்200 என்ற பெயரிலுள்ள 200, கிரவுனின் விட்டத்தை மில்லிமீட்டரில் குறிப்பது. மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரில் 1.6 லிட்டர் எஞ்சினுடன் வந்த 6 அங்குல டிஃபரன்ஷியல் மெலிந்தது என்று பெயரெடுத்தது, 1994இல் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது அது 7 அங்குலமாகப் பெரிதாக்கப்பட்டது.

விட்டத்தோடு பினியன் எப்படித் தாங்கப்பட்டிருக்கிறது என்பதையும் கேளுங்கள். சுமை ஏறும்போது பினியனும் கிரவுனும் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. விலகினால் பல்லின் நுனி மட்டுமே சுமையைத் தாங்கி உடைகிறது. 1957இல் வந்த ஃபோர்டு 9 அங்குல டிஃபரன்ஷியல் இன்றும் டிராக் ரேஸ்காரர்களின் செல்லப்பிள்ளையாக இருப்பதற்கு, பினியனின் மறுமுனையையும் தாங்கும் மூன்றாவது பேரிங் ஒரு முக்கியக் காரணம். பினியன் வெகு தாழ்வாக அமைந்திருப்பதால் அதில் உராய்வு இழப்பு கொஞ்சம் கூடுதல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விகிதமும் முக்கியம்: அதே விட்டமுள்ள கிரவுனில் 3.73க்குப் பதில் 4.10 போட்டால், பினியன் சிறுத்துப் பல்லும் மெலிகிறது.

கேள்வி: ஒரு சக்கரம் மட்டும் சுழலும் சாதாரண டிஃபரன்ஷியலை வைத்துக்கொண்டே, புறப்படும் முன் டயரைச் சுழலவிட்டுச் சூடேற்றலாமா?

பதில்: வேண்டாம். ஒரு சக்கரம் நின்று மற்றொன்று சுழலும்போது, உள்ளே இருக்கும் சிறு கியர்கள் தங்கள் குறுக்கு ஊசியின் மேல் தாறுமாறான வேகத்தில் சுற்றுகின்றன. அங்கே எண்ணெய் போதுமான அளவு போய்ச் சேர்வதில்லை. ஊசி உரசிக் கருகி ஒட்டிக்கொள்ளும். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் வகைகளில், வெர்னன் கிளீஸ்மன் 1958இல் காப்புரிமை பெற்ற டார்சன் வகை தெருவுக்கு இதமானது. ஆனால் ஒரு சக்கரம் தரையைவிட்டு எழும்பிவிட்டால் கைவிட்டுவிடும். கிளட்ச் தட்டுகள் கொண்ட வகை லாஞ்சுக்கு ஏற்றது; தட்டுகள் தேயும், எண்ணெயில் உரிய சேர்மானமும் வேண்டும். இரு ஆக்ஸில்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும் ஸ்பூல் எல்லாவற்றிலும் வலுவானது; திருப்பங்கள் உள்ள சாலைக்கு ஆகாது.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கார்களுக்கு இந்தக் கவலை இல்லைதானே?

பதில்: குறைவு என்று சொல்லலாம். கிளட்ச்சுக்குப் பதிலாக அவற்றில் உள்ள டார்க் கன்வெர்ட்டரின் திரவம் அடியை மென்மையாக்குகிறது. பிரேக்கை அழுத்திக்கொண்டே எஞ்சினை உயர்த்தும்போது பற்களின் தளர்வும் முன்கூட்டியே இறுகிவிடுகிறது. ஆனால் நின்ற நிலையில் அதே கன்வெர்ட்டர் முறுக்குவிசையை ஏறத்தாழ இரு மடங்காக்கவும் செய்யும். கியர்பாக்ஸையே பூட்டிவைத்து விடுவிக்கும் டிரான்ஸ்பிரேக் உள்ள கார்களில் கதை வேறு: விடுவிக்கும் கணம்வரை, கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டிலிருந்து பின்பக்கம் எதிலும் முறுக்கு இருக்காது, பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும். தொழிற்சாலையிலேயே டிரான்ஸ்பிரேக்குடன் வந்த 2018 டாட்ஜ் சேலஞ்சர் டீமன் காரில், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் உறை, அரை ஆக்ஸில்கள் ஆகிய மூன்றையும் வலுப்படுத்தித்தான் அனுப்பினார்கள். பழைய காரில் டிரான்ஸ்பிரேக்கை மட்டும் தனியாகப் பொருத்த நினைப்பவர்கள் அந்த மூன்றையும் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.