திவால் மனுவுக்குப் பின் வந்த மருத்துவமனை பில்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் வசிக்கிறோம். மனைவியின் புற்றுநோய்ச் சிகிச்சைக் கடனைச் சமாளிக்க முடியாமல் ஜனவரியில் சாப்டர் 7 (அமெரிக்கத் திவால் சட்டத்தில், பெரும்பாலான கடன்களிலிருந்து விடுபட உதவும் பிரிவு) திவால் மனு தாக்கல் செய்தோம். மே மாதம் கடன் விடுவிப்பு ஆணை கிடைத்தது. இப்போது மார்ச் மாதச் சிகிச்சைக்கு ஒரு பில் வந்து நிற்கிறது. அதுவும் தள்ளுபடியானதுதானே? கிரெடிட் ஸ்கோரை எப்படி உயர்த்துவது?

பதில்: அந்தப் பில் தள்ளுபடியாகவில்லை. ஆணை மே மாதம் வந்ததால் அதுவரையிலான கடன் எல்லாம் தீர்ந்துவிட்டது என்றே பலரும் நம்புகிறார்கள். ஆனால் சாப்டர் 7 வழக்கில் மனு தாக்கல் செய்த நாள்தான் எல்லைக்கோடு. பில்லில் அச்சிட்ட தேதியை விட்டுவிட்டு, சிகிச்சை நடந்த தேதியைப் பாருங்கள். அது மனு நாளுக்குப் பிந்தையது என்றால் புதிய கடன். அந்த மனு நாளிலிருந்து 8 ஆண்டுகளுக்குள் இன்னொரு சாப்டர் 7 மனு போட்டு விடுவிப்புப் பெறவும் முடியாது. சிகிச்சை தொடரும் குடும்பத்தில் ஸ்கோரைவிட முதலில் கவனிக்க வேண்டியது இந்தப் புதிய கடனைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

மருத்துவமனை வரிவிலக்குப் பெற்ற லாப நோக்கற்ற நிறுவனம் என்றால், அது நிதியுதவித் திட்டம் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். சிகிச்சைக்குப் பின் வந்த முதல் பில்லின் தேதியிலிருந்து குறைந்தது 240 நாட்கள் விண்ணப்பிக்க அவகாசம் உண்டு. முதல் பில் ஏப்ரல் 10 தேதியிட்டது என்றால், டிசம்பர் 6 வரை. பில் வசூல் பிரிவுக்குப் போயிருந்தாலும் தயங்காமல் விண்ணப்பியுங்கள். தவணைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன்பே இதைச் செய்வது நல்லது. மருத்துவமனை பில்லை கிரெடிட் கார்டில் மட்டும் கட்டிவிடாதீர்கள், கட்டினால் உதவி கேட்பது சிக்கலாகலாம்.

அடுத்து, கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் நிறுவனங்களான ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றின் அறிக்கைகளையும் இலவசமாக எடுத்து, தள்ளுபடியான ஒவ்வொரு கணக்கிலும் நிலுவைத் தொகை பூஜ்ஜியமாக இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். ‘வசூலில் உள்ளது’ என்று இன்னும் இருந்தால், விடுவிப்பு ஆணையின் நகலுடன் அந்த நிறுவனத்துக்கு எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவியுங்கள். பொதுவாக 30 நாட்களுக்குள் அவர்கள் விசாரித்தாக வேண்டும். தள்ளுபடியான கடனைக் கேட்டு எவராவது தொலைபேசியில் அழைத்தால் ஒரு டாலர்கூடத் தராமல், உங்கள் திவால் வழக்கறிஞருக்குத் தெரிவியுங்கள்.

ஸ்கோரைப் பொறுத்தவரை, சாப்டர் 7 பதிவு 10 ஆண்டுகள் வரை அறிக்கையில் இருக்கும் என்றாலும் அதன் பாதிப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வரும். வைப்புத்தொகை கட்டி வாங்கும் செக்யூர்ட் கார்டு ஒன்று போதும். சிறிய செலவு ஒன்றை மட்டும் அதில் போட்டு, மாதந்தோறும் முழுவதையும் கட்டிவிடுங்கள். வீட்டுக்கடன் எண்ணம் இருந்தால், எஃப்எச்ஏ கடனுக்கு (கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்தின் காப்பீடு உள்ள வீட்டுக்கடன்) விடுவிப்பு நாளிலிருந்து வழக்கமாக 2 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

சேமிப்புக்கு இலக்கு கேட்டால், உங்கள் காப்பீட்டில் ஓராண்டில் நீங்கள் கையிலிருந்து கட்ட நேரும் உச்சவரம்புத் தொகையையே சொல்வேன். அதைப் பன்னிரண்டாகப் பிரித்து, முடிந்த அளவு மாதந்தோறும் தனிக் கணக்கில் போடுங்கள். பாலிசி ஆண்டு ஜனவரியில் தொடங்குவதானால், இவ்வாண்டு எவ்வளவு கட்டியிருந்தாலும் அந்த வரம்பு ஜனவரி 1 அன்று மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும். மனைவியின் அடுத்த ஸ்கேனுக்கு முன் அந்தக் கணக்கில் கொஞ்சமாவது பணம் இருக்கட்டும்.