தரவு எடுத்த பிறகு கேட்காதீர்கள்: எபிடெமியாலஜி மாணவர் கேள்வி-பதில்

பி.எஸ்சி. தாவரவியல் முடித்திருக்கிறேன். எம்.பி.பி.எஸ். இல்லாமல் எபிடெமியாலஜி படிக்கலாமா? (கடலூர்)

படிக்கலாம். எபிடெமியாலஜி என்பது மக்களிடையே நோய் யாருக்கு, எங்கே, எப்போது, ஏன் வருகிறது என்று ஆராயும் துறை. எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை), எம்.எஸ்சி. இரண்டிலும் மருத்துவர் அல்லாதவரைச் சேர்க்கும் இடங்கள் உண்டு. தகுதி விதி இடத்துக்கு இடம் மாறும், பணி அனுபவம் கேட்கும் இடங்களும் உண்டு. அந்த ஆண்டின் புராஸ்பெக்டஸை வரி விடாமல் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அதற்கு முன், சென்னையில் உள்ள ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) எபிடெமியாலஜி நிறுவனம் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளம் வழியாக நடத்தும் ஆராய்ச்சி அடிப்படைப் பாடத்தைப் பாருங்கள். அதில் வரும் ஸ்டடி டிசைன் (ஆய்வை வடிவமைப்பது) பகுதியே அலுப்புத் தட்டினால் இரண்டு வருடப் படிப்பு உங்களுக்குச் சரிப்படாது.

தொற்றுநோயியலுக்கு ஸ்கோப் உண்டா சார்? (ஊர் இல்லை, பெயர் இல்லை)

என்ன டிகிரி, எந்த வேலைக்கு, எந்த ஊரில் என்று ஒன்றுமே எழுதவில்லை. ஆள், இடம், காலம் இல்லாமல் கேள்வி கேட்பவருக்கு இந்தத் துறையில் முதல் வாரமே கஷ்டம்தான். எபிடெமியாலஜிக்கு ‘தொற்றுநோயியல்’ என்ற பெயரையும் விட்டுவிடுங்கள். புற்றுநோய், சர்க்கரை நோய், சாலை விபத்து எல்லாமே இதற்குள் வருகின்றன. முழு விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கல்யாண விருந்து வாந்திபேதி. பாயசம் சாப்பிட்ட 100 பேரில் 60 பேருக்கும், சாப்பிடாத 100 பேரில் 30 பேருக்கும் நோய். ஆட்ஸ் ரேஷியோ 3.5. ‘ஆபத்து மூன்றரை மடங்கு’ என்று எழுதியதை கைடு அடித்துவிட்டார். ஏன்? (திருச்சி)

அடித்தது சரி. 60 சதவீதம், 30 சதவீதம். ஆபத்து இரண்டு மடங்குதான். 60×70-ஐ 40×30-ஆல் வகுத்தால் வரும் 3.5 ஆட்ஸுக்கு (நோய் வந்தவர், வராதவர் விகிதம்: 60:40, 30:70) உரியது. நோய் 10 சதவீதத்துக்குள் இருந்தால் இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒட்டி வரும். விருந்தில் பாதிப் பேர் படுத்துவிட்டால் ஒட்டாது. வந்தவர்கள் பட்டியல் முழுக்கக் கையில் இருக்கும்போது அது கோஹார்ட் (ஒரு குழு முழுவதையும் எடுத்துப் பார்க்கும் ஆய்வு). அட்டாக் ரேட் (எத்தனை சதவீதம் பேருக்கு நோய்) போட்டு ரிஸ்க் ரேஷியோ (அந்த இரண்டு சதவீதங்களின் விகிதம்) எழுதுங்கள்.

அதைவிட முக்கியமாக, பாயசம் தொடாத 30 பேருக்கு ஏன் நோய் வந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை. ஒரே கரண்டி இரண்டு பாத்திரத்தில் புழங்கியிருக்கலாம். சாப்பிட்டதை மறந்திருக்கலாம். தண்ணீராகவும் இருக்கலாம். ஒவ்வொரு பண்டத்துக்கும், தண்ணீருக்கும் தனித்தனி டேபிள் போடுங்கள்.

எங்கள் ஊரில் 300 பேரிடம் ரத்த அழுத்தம் பார்த்துப் படிவம் நிரப்பிவிட்டேன். இனி எந்த ஸ்டாடிஸ்டிக்ஸ் டெஸ்ட் போடுவது? அடுத்த வாரம் தீசிஸ் சமர்ப்பிக்க வேண்டும். (தர்மபுரி)

மாதாமாதம் இந்தக் கடிதம் வருகிறது, ஊர் மட்டும்தான் மாறுகிறது. எந்த டெஸ்ட் என்பது படிவம் அச்சடிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி.

300 எங்கிருந்து வந்தது? சீனியர் தீசிஸிலிருந்துதானே? எத்தனை பேர் வேண்டும் என்பதற்கான 4பிக்யூ/டி² போடுங்கள்: எதிர்பார்க்கும் பிரிவலன்ஸ் (நோய் உள்ளவர் சதவீதம், பி) 25 சதவீதம், மீதி (க்யூ) 75, பிழை (டி) 5 என்றால் 4×25×75/25, சரியாக 300. ஆனால் அது ஊர்ப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஆள் எடுத்தால்தான். நீங்கள் தெருத்தெருவாக எடுத்திருக்கிறீர்கள். டிசைன் எஃபெக்ட் (கொத்தாக ஆள் எடுப்பதற்காகப் பெருக்கும் எண்) 2 வைத்தால் 600, பத்தில் ஒருவர் மறுப்பார் என்று வைத்தால் 670 பேரை அணுக வேண்டும்.

எண்ணிக்கை கூடினாலும் தீராத கோளாறு வேறு. பகல் 11 மணிக்குக் கதவைத் தட்டினால் யார் இருப்பார்கள்? பெரியவர்களும், வேலைக்குப் போகாத பெண்களும்தான். நாற்பது வயது ஆண்கள் விட்டுப்போவார்கள். பூட்டிய வீட்டுக்குச் சாயந்திரமும் ஞாயிற்றுக்கிழமையுமாக இரண்டு முறையாவது திரும்பப் போயிருக்க வேண்டும். பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொள்வது குறுக்குவழி. அளவுகளின் கடைசி இலக்கத்தையும் பாருங்கள். 120/80, 130/90, 140/90 என்று பூஜ்யமாகவே முடிந்தால் கண் மதிப்பில் எழுதியது அப்பட்டமாகத் தெரியும். 138 எல்லாம் உயர் ரத்த அழுத்தக் கோடான 140 ஆகிவிட்டால் உங்கள் பிரிவலன்ஸே பொய்.

இப்போது செய்யக்கூடியது: வயது, பால் வாரியாகப் பிரித்து சதவீதமும் 95% கான்ஃபிடன்ஸ் இன்டர்வலும் (உண்மை அளவு இருக்கக்கூடிய வரம்பு) கொடுங்கள். எத்தனை வீடு பூட்டியிருந்தது என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். ‘ஊர் முழுக்க’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். பி வேல்யூ (தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) தேடி இருபது குறுக்கு டேபிள் போட்டால், எதிலும் தொடர்பே இல்லாவிட்டாலும் சராசரியாக ஒன்று 0.05-க்குக் கீழே வரும். எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் வாங்கினீர்களா என்றும் எழுதவில்லை. ஒப்புதல் பின்தேதியிட்டுக் கிடைக்காது.

அடுத்தவர்களுக்கு: முதலில் ஆராய்ச்சிக் கேள்வி, பிறகு டம்மி டேபிள் (எண் நிரப்பாத வெற்று அட்டவணை), அதற்குப் பிறகே படிவம்.

பம்பு கைப்பிடியைக் கழற்றியதும் லண்டன் காலரா நின்றது என்று எழுதினேன், பாதி மதிப்பெண்தான். (புதுச்சேரி)

பாதியே தாராளம். பிராட் ஸ்ட்ரீட் பம்பின் கைப்பிடியை எடுத்தது 1854 செப்டம்பர் 8. அதற்குள் மக்கள் அந்தப் பகுதியை விட்டு ஓடி, சாவு குறையத் தொடங்கியிருந்தது. காலரா தண்ணீரால் பரவுகிறது என்பதற்கு லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ தந்த வலுவான சான்று தண்ணீர் கம்பெனிகளின் ஒப்பீடு: சவுத்வார்க் அண்ட் வாக்ஸால் குழாய் வீடுகளில் 10,000 வீட்டுக்கு 315 சாவு, லாம்பெத் குழாய் வீடுகளில் 37. பல தெருக்களில் இரண்டு கம்பெனிக் குழாயும் கலந்தே ஓடியதால் ஏழை பணக்காரன் வித்தியாசம் குறுக்கே வரவில்லை. அதை எழுதியிருக்க வேண்டும்.

சென்சிடிவிட்டி 90, ஸ்பெசிஃபிசிட்டி 95 உள்ள டெஸ்டில் பாசிட்டிவ் வந்தால் 90 சதவீதம் நோய் உறுதிதானே? (சேலம்)

இல்லை. சென்சிடிவிட்டி என்பது நோய் உள்ளவர்களில் பாசிட்டிவ் வருவோர் சதவீதம், ஸ்பெசிஃபிசிட்டி நோய் இல்லாதவர்களில் நெகட்டிவ் வருவோர் சதவீதம். 10,000 பேரில் நோய் 1 சதவீதம் என்றால் உண்மை பாசிட்டிவ் 90, பொய் பாசிட்டிவ் 495. ஆக, பாசிட்டிவ் வந்தவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான் நோய்.

மருந்து கொடுத்தும் எச்.ஐ.வி. பிரிவலன்ஸ் ஏறுகிறதே, திட்டம் தோல்வியா? (மதுரை)

மருந்து சாப்பிடுபவர் சாகாமல் இருக்கிறார், கணக்கிலும் இருக்கிறார். பிரிவலன்ஸ் ஏறுவது அதனாலும் இருக்கலாம். புதிதாகத் தொற்றுவோரைக் காட்டும் இன்சிடென்ஸைப் பாருங்கள்.

எந்த சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ளலாம்? (நாமக்கல்)

நீண்ட நாளைக்கு ஆர் (R). அவசரத்துக்கு எபி இன்ஃபோ. இரண்டும் இலவசம். எக்செல்லில் தரவு ஏற்றினால் வயதுக் கட்டத்தில் ‘25 வயது’ என்று எழுதாதீர்கள், 25 மட்டும் போதும். பதில் இல்லாததற்கு 99 போட்டால் சராசரி எடுக்கும் முன் நீக்குங்கள். 99 வயதுக் கிழவர்கள் நிறைந்த ஊராகிவிடும். சாஃப்ட்வேர் திறக்கும் முன் டம்மி டேபிள்.