வாடகைக் கடையில் புது கேம் ஏன் வருவதில்லை?

கேள்வி: அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்துச் சின்ன ஊர் ஒன்றில் இருக்கிறோம். இங்கே இன்னும் ஒரே ஒரு சினிமா, கேம் வாடகைக் கடை பிழைத்திருக்கிறது. முன்பு ஒரு சுவர் முழுக்க இருந்த கேம்கள் இப்போது இரண்டு தட்டில் அடங்கிவிட்டன. புதுசு எதைக் கேட்டாலும் "வரவில்லை" என்கிறார் கடைக்காரர். காசைப் பார்க்கிறாரோ? மகனிடம் டிஸ்க் போடும் பிஎஸ்5 கேம் கன்சோல், மகளிடம் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2. 70 டாலர் கொடுத்து வாங்கியதை இரண்டே வாரத்தில் மூலையில் போட்டுவிடுகிறார்கள். வாடகைக்கு வேறு வழி உண்டா? விலை குறைவு என்று எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் வாங்கச் சொல்கிறார் நண்பர். வாங்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில். வாங்காதீர்கள். சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போடும் வசதியே கிடையாது. வாடகை, இரவல், செகண்ட் ஹேண்டாக விற்பது எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகக் கதவு சாத்திவிடும். பிஎஸ்5 ப்ரோவும் டிஸ்க் டிரைவ் இல்லாமல்தான் வருகிறது, ஆனால் அதற்கு டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம். சீரிஸ் எஸ்ஸுக்கு அந்த வழியும் இல்லை.

கடைக்காரர் மேல் பழி போட வேண்டாம். அவர் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். 70 டாலர் கேமை வாரம் 8 டாலருக்கு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். போட்ட முதல் தேற ஒன்பது வாடகை வேண்டும், அதாவது ஒரே டிஸ்க் இரண்டு மாதம் ஓய்வில்லாமல் ஓட வேண்டும். அதற்குள் பல கேம்களின் கடை விலையே சரிந்துவிடும். சினிமாவுக்கு இப்படி இல்லை. 1990களின் கடைசியில் ஸ்டூடியோக்கள் வாடகை வசூலில் பங்கு வாங்கிக்கொண்டு கேசட்டைக் குறைந்த முன்பணத்துக்குக் கொடுக்க ஆரம்பித்தன. கேம் வாங்கும் கடைக்காரர் முழுப் பணத்தையும் முதலிலேயே முடக்க வேண்டும். படம் ஒரு ராத்திரியில் திரும்பி வரும், 60 மணி நேரக் கேம் அப்படி வராது. பெரிய கைகளே இதில் தாக்குப்பிடிக்கவில்லை. தானியங்கிப் பெட்டிகள் வழியே வாடகைக்கு விட்ட ரெட்பாக்ஸ் 2019 டிசம்பரில் கேம் வாடகையை நிறுத்தியது, 2024இல் கம்பெனியே திவாலானது. வாடகைக் கடைச் சங்கிலியான ஃபேமிலி வீடியோ 2021இல் மிச்சமிருந்த கடைகளை மூடியது.

இதையும் மீறி அவர் வாங்கி வைக்க நினைத்தாலும், டிஸ்க்கில் கேம் இருக்க வேண்டுமே! 2022இல் வந்த கால் ஆஃப் டூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2இன் பிஎஸ்5 டிஸ்க்கில் இருந்தது 100 எம்பிக்கும் குறைவு. மற்றதெல்லாம் டவுன்லோட். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்து வருகிறீர்கள், 100 ஜிபி இறங்க வேண்டும் என்றால், 50 எம்பிபிஎஸ் இணைப்பில் நாலரை மணி நேரம், 25இல் ஒன்பது மணி நேரம். வாடகை மீட்டர் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆலன் வேக் 2 போல, வெளியாகி ஒரு வருஷம் வரை டிஸ்க்கே போடாத கேம்களும் உண்டு. அவற்றை எந்தக் கடைக்காரராலும் தட்டில் வைத்திருக்க முடியாது.

ஆகவே காசு கொடுக்கும் முன் அட்டையைப் படியுங்கள். மகளின் ஸ்விட்ச் 2 கேம்களுக்கு இது இன்னும் முக்கியம். அட்டை முன்புறம் அடியில் சாவிப் படத்தோடு பட்டை இருந்தால் அது கேம்-கீ கார்டு. கார்டுக்குள் கேம் இல்லை, டவுன்லோட் செய்ய அனுமதி மட்டுமே. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 அப்படி வந்தது. சைபர்பங்க் 2077 முழுக் கேமும் கார்டுக்குள்ளேயே இருக்கிறது. கீ கார்டை வாடகைக்கு எடுக்கலாமா என்றால், எடுக்கலாம். அது யாருடைய கணக்கோடும் ஒட்டிக்கொள்ளாது, கார்டு செருகியிருக்கும்வரை யார் கன்சோலிலும் ஓடும். முதல் தடவை இணையம் வேண்டும், கன்சோலில் இடமும் வேண்டும். உள்ளே இருப்பது 256 ஜிபி. நிரம்பினால் மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுதான் போட முடியும், பழைய ஸ்விட்ச்சின் சாதாரண மைக்ரோ எஸ்டியில் கேம் ஏறாது. பெட்டிக்குள் டவுன்லோட் குறியீட்டு எண் அச்சிட்ட சீட்டு மட்டும் இருக்கும் ரகம் வேறு. அந்த எண்ணை முதலில் போட்டவரோடு கதை முடிந்தது.

நிண்டெண்டோ தானே தயாரிக்கும் மரியோ, ஸெல்டா வகையறாவின் விலை லேசில் இறங்காது. கடைக்காரருக்கும் முதல் தேறும், உங்களுக்கும் வாங்குவதைவிட வாடகை லாபம். அவரிடம் எதையாவது கேட்டு வரவழைப்பதென்றால் இவற்றைக் கேளுங்கள்.

இனி மற்ற வழிகள். முதலில் நூலகம். ஒஹாயோவில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். மாநிலத்தில் வசிப்பவர் தன் ஊர் நூலகத்தோடு நிற்க வேண்டியதில்லை, பக்கத்துப் பெரிய ஊர் நூலகத்திலும் கார்டு வாங்கலாம். கேட்டலாக்கில் "வீடியோ கேம்" என்ற வகையை மட்டும் தேர்ந்து, கன்சோல் பெயரோடு தேடுங்கள். புதுக் கேமுக்கு வரிசை நீளம் என்பதால், வெளியாகும் முன்பே கேட்டலாக்கில் ஏறிவிட்டதா என்று பார்த்து ஹோல்ட் (முன்பதிவு) போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் "வாங்கப் பரிந்துரை" படிவம் இருக்கும், நிரப்பிக் கொடுங்கள்.

அடுத்தது 2002இலிருந்து தபாலில் வாடகைக்கு விடும் கேம்ஃப்ளை. மாதச் சந்தா, தாமதக் கட்டணம் கிடையாது. இங்கே பலர் செய்யும் தப்பு, தாங்கள் கேட்கும் கேம்களின் பட்டியலில் ஒரே ஒரு புதுக் கேமை வைத்துவிட்டு அது வரும் வரும் என்று காத்திருப்பது. பத்துக்குக் குறையாமல் போட்டு வையுங்கள், ஆனால் நிஜமாகவே விளையாடக் கூடியவற்றை மட்டும். பட்டியலில் எது கையிருப்பில் இருக்கிறதோ அதுதான் கிளம்பி வரும். போகவர நாட்கள் ஆவதால் ஒரு நேரத்தில் ஒரே டிஸ்க் தரும் திட்டத்தில் மாதம் இரண்டு மூன்றுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பிடித்துப்போனால் செகண்ட் ஹேண்ட் விலைக்கே வைத்துக்கொள்ளலாம், கேமின் பெட்டியைப் பிறகு அனுப்பிவிடுவார்கள்.

எங்கிருந்து எடுத்தாலும் டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் மெல்லிய கீறலை டிரைவ் பெரும்பாலும் சமாளித்துவிடும். தடத்தோடு வட்டமாகச் சுற்றும் கீறல் சின்னதானாலும் ஆபத்து, தொடர்ச்சியாகத் தகவல் போய்விடும். "பாலிஷ் போட்டுத் தருகிறேன்" என்று கடையில் சொன்னால் பிஎஸ்2, நிண்டெண்டோ வீ, எக்ஸ்பாக்ஸ் 360 போன்ற பழைய கன்சோல்களின் டிஸ்க்குகளுக்குச் சரி. அவை டிவிடி ரகம், தகவல் அடுக்கு 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. பிஎஸ்3இலிருந்து ப்ளூரே. அதில் அந்த அடுக்குக்கு மேலே 0.1 மில்லிமீட்டர்தான், அதன்மேல் கெட்டியான பூச்சு. தேய்த்தால் பூச்சு போய்விடும், டிஸ்க்கும் போய்விடும். கைரேகையை மட்டும் மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள்.

திருப்பிக் கொடுத்தபின் பிஎஸ்5இல் கேமை டிலீட் செய்தாலும் விளையாடி வந்த இடத்தைக் குறித்து வைத்திருக்கும் சேவ் தனியாக அப்படியே இருக்கும். மறுபடி எடுக்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஸ்விட்ச்சிலும் அப்படித்தான், ஆனால் செட்டிங்ஸில் "சேவ் டேட்டா" என்று தனியே இருப்பதைத் தொட வேண்டாம்.

உங்கள் கடைக்காரர் ஒருநாள் மிச்சச் சரக்கைக் கூறு போட்டு விற்பார். அன்றைக்கு உங்கள் பிஎஸ்5க்கு என்று எடுக்கும்போது பெட்டியின் நிறத்தைப் பாருங்கள். நீலப் பெட்டியும் மேலே வெள்ளைப் பட்டையும் என்றால் பிஎஸ்5, பட்டையும் நீலம் என்றால் பிஎஸ்4. இரண்டும் ஓடும். நிறமில்லாத கண்ணாடிப் பெட்டி பிஎஸ்3. ஒரு டாலருக்குக் கொடுத்தாலும் உங்கள் வீட்டில் ஓடாது.